பொம்மைக்கு வந்த வீக்கம்

தையற்கடைக்காரிக்கு இரண்டு மாதமாக வயிற்று உப்புசம். நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். போன இடத்திலெல்லாம் கேஸ் மாத்திரைதான் கொடுத்தார்கள். ஒரு நாள் டேப்பை எடுத்துத் தன் வயிற்றை அளந்தாள். முப்பத்திரண்டு அங்குலம் முப்பத்தாறாகியிருந்தது. கடையில் நிற்கும் துணிப் பொம்மை ஆறு வருஷம் முன்பு அவள் அளவுக்கே செய்தது. ஒத்துப் பார்க்க அதையும் அளந்தாள். அதுவும் முப்பத்தாறு.

“பொம்மைக்குமாடி கேஸு?” என்றாள் கடையில் கூடத் தைக்கும் அக்கா.

மறுநாள் பெரிய டாக்டரிடம் தன் அளவை மட்டும் சொன்னாள். அவர் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். இடது சினைப்பையில் கட்டி இருந்தது. புற்றுநோயா இல்லையா என்பது அறுவை செய்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பத்து நாள் தள்ளித் தேதி கிடைத்தது.

கடைக்குத் திரும்பியதும் அக்கா பொம்மையின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். இடது பக்கம், பஞ்சுக்குள், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கத்தரிக்கோலை எடுத்தாள்.

“பத்து நாளெல்லாம் என்னால தாங்க முடியாது. இதப் பிரிச்சா இப்பவே தெரிஞ்சிடும்.”

தங்கை கத்தரிக்கோலை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“வேண்டாம்க்கா. இதுக்கு யாரு மயக்க மருந்து குடுப்பா?”