சேமக்காலை மதிலுக்கு வெளியே

காலை வெயில் மங்கி, காகங்கள் மரங்களுக்குத் திரும்பத் தொடங்கியபோது, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்ற அன்ரனீற்றா சட்டென்று விலகி மாதா கோயிலை விட்டு ஓடினாள்.

அவளுடைய முறை வரப்போகிற நேரம்.

கிரகணம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் உபதேசியார் ஞானரட்ணம் வேறு சொல்லியிருந்தார். சூரியன் இருளும், எக்காளம் முழங்கும், கல்லறைகள் திறக்கும். பாவமன்னிப்புப் பெற்றவர்கள் வலப்பக்கம், மற்றவர்கள் இடப்பக்கம். அதற்குப் பிறகு அழுதும் பயனில்லை.

அவள் புருசன் கிறிஸ்ரோபர் வாசற்படியில் ஒரு கணம் தயங்கினான். அவனும் இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கவில்லை.

பிறகு அவனும் ஓடினான்.

தெரு சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. தொப்பியைச் சரிசெய்தபடி பள்ளிவாசலுக்கு விரைந்துகொண்டிருந்த மீராமுகைதீன் காக்கா, அவள் கடற்கரைப் பக்கம் போனாள் என்று கை காட்டினார்.

கடல் என்றதும் கிறிஸ்ரோபர் வேட்டியை மடித்துக் கட்டினான். பங்குனியிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. யாரோடும் கதைக்கவுமில்லை.

மணலில் கால் புதையப் புதைய ஓடினான். வெளிச்சம் முழுதாக அணைந்தது. தலைக்கு மேலே நட்சத்திரங்கள் தெரிந்தன. இப்போது எக்காளம் ஊதினால் தனக்கு இடப்பக்கம்தான் என்று நினைத்தான்.

அலைக்கரையில் அவள் இல்லை.

கல்லறைகள் நிறைந்த சேமக்காலையின் மதிலுக்கு வெளியே, எருக்கலைப் பற்றைகளுக்கு நடுவில், குனிந்து மணலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தோளைப் பிடித்துத் தூக்கினான். பாவசங்கீர்த்தனம் கேட்கக் கோயிலில் சாமி காத்திருக்கிறார், இன்னும் நேரம் இருக்கிறது, வந்துவிடு என்று கெஞ்சினான்.

"எங்க வச்சீங்க? இப்பயாவது சொல்லுங்க," என்றாள் அவள். "எல்லாரும் எழும்பி நடப்பாங்க. அவனுக்கு நடக்கத் தெரியாதே. ஆரு தூக்குற?"

பங்குனியில் பிறந்து, மருத்துவிச்சி ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் எடுத்து வருமுன்பே மூச்சு நின்றுபோன பிள்ளை. ஞானஸ்நானம் பெறாததால் மதிலுக்கு உள்ளே இடமில்லை என்றார்கள். சீலையில் சுற்றிக் கொண்டுவந்து வெளியே புதைத்தவன் கிறிஸ்ரோபர்தான். தெரிந்தால் அங்கேயே கிடந்து அழுவாள் என்று, இடத்தை மட்டும் அவளிடம் சொல்லவேயில்லை.

கோயில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவன் அவள் கையைப் பிடித்து, மதிலின் கடற்பக்க மூலைக்குக் கூட்டிப்போனான். அந்த இருட்டிலும் அவன் கால் எங்கும் தடுமாறவில்லை.

தாழம்பற்றையின் அடியில் உட்கார்ந்து, அவள் கையை மணலில் வைத்தான்.

விரல்களில் சிப்பிகள் தட்டுப்பட்டன. வட்டமாக, நெருக்கி அடுக்கிய சிப்பிகள்.

வெளிச்சம் மெல்லத் திரும்பியது. அவள் குனிந்து பார்த்தாள்.

சிலவற்றில் கடல் ஈரம் இன்னும் காயவில்லை.