தினமும் ஒரு சவரம்

பிளாரன்ஸ் நகரத்து ஓவியர் ஒருவரின், மாதாவும் சூசையப்பரும் குழந்தையும் சேர்ந்திருக்கும் திருக்குடும்பப் படத்துக்கு மாதிரியாக உட்காரப் போன நாளிலிருந்து, பிந்தோ தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டான்.

"சூசையப்பருக்குத் தாடி உண்டே, எதுக்குய்யா வழிச்சிட்டுப் போற?" என்றாள் மனைவி தெஸ்ஸா.

"ஓவியர் சொல்றாரு, செய்யறேன்."

"மாதாவா உட்கார்ற மகராசி யாரு? அழகா இருப்பாளோ?"

"சுமாரா இருப்பா," என்று நழுவினான்.

தெஸ்ஸாவுக்குப் பொறுக்கவில்லை. விளக்குமாற்றோடு ஓவியரின் பட்டறைக்குள் நுழைந்தாள். குழந்தையை மடியில் வைத்து, நீல முக்காட்டோடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"எம் புருஷன் எங்கடி?"

"மெதுவா பேசு புள்ள, குழந்தை இப்பத்தான் தூங்குது," என்றான் பிந்தோ. "பொம்பளைங்களை உட்கார வச்சா ஊர் தப்பாப் பேசும்னு, மாதாவுக்கும் இங்க ஆம்பளைதான்."

தெஸ்ஸா விளக்குமாற்றை ஓரமாக வைத்தாள்.

"சுமாராக்கூட இல்லை," என்றபடி அவன் முக்காட்டைச் சரிசெய்தாள்.