நீலப் பொத்தான்

மகள் தன் சமூக வலைதளக் கணக்கை நண்பர்களுக்கு மட்டும் என்று பூட்டிய நாளிலிருந்து தையற்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் பதினைந்து வயதுப் பெண் போல ஒரு பொய்க் கணக்கைத் தொடங்கி, மகளிடமே நட்பு கேட்டாள். மகள் பார்த்திராத தன் பள்ளிக்காலப் போட்டோ ஒன்றை அதில் போட்டாள். போட்டோவில் அவள் போட்டிருந்த சட்டையில் நான்கு பொத்தான்கள் வெள்ளை. அறுந்துபோன ஐந்தாவதற்குப் பதிலாக அவளே தைத்தது நீலம்.

மகள் நம்பிவிட்டாள். மூன்று வாரமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே தாய் அவள் வாயைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"போதும், விட்டுடு. தெரிஞ்சா உன் மூஞ்சில முழிக்க மாட்டா," என்றார் கணவர்.

சனிக்கிழமை மகள் தலைவாரிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நாலு மணிக்கு என் ஃப்ரெண்டு வர்றா."

"எந்த ஃப்ரெண்டு?"

"ஆன்லைன்ல பழக்கம். உனக்குத் தெரியாது."

தாய் போனைத் திறந்தாள். 'நாலு மணிக்கு வர்றேன்' என்று அவளுடைய பொய்க் கணக்கிலிருந்தே செய்தி போயிருந்தது. அவள் அதை எழுதவில்லை.

"நீங்களா?"

"உன் போனை நான் தொட்டதே இல்லையே," என்றார் கணவர்.

நான்கு மணிக்கு அழைப்புமணி அடித்தது. மகள் முந்திக்கொண்டு ஓடினாள். தாய் மெஷினை விட்டு எழுந்து வருவதற்குள் மகளின் அறைக்கதவு உள்ளே தாழிடப்பட்டது. இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவடியில் ஒரு நீலப் பொத்தான் கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கதவில் காதை வைத்தாள்.

"மெதுவாப் பேசுடி," என்றது தாயின் பதினைந்து வயதுக் குரல். "உங்கம்மா கதவுல காதை வச்சிருக்காங்க."