தொகுதியில் ஒரு பெண்மணி

ஒடுகத்தூர் கடைத்தெருவில் காரை நிறுத்தி, ஒரு ரோஜா மாலை வாங்கிவரச் சொன்னார் துரைக்கண்ணு.

டிரைவர் ரஞ்சித் உடனே இறங்கவில்லை. மாலை நாம் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா ஐயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

சாவு வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டா போவார்கள் என்றார் இவர். ஐந்து முறை எம்.எல்.ஏ. ஆனவருக்கு இதை ஒரு டிரைவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ரஞ்சித் போய் வாங்கிவந்தான்.

கவலையெல்லாம் ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிட வேண்டும். இருட்டுவதற்குள் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு போய் வெறும் பந்தலைக் கும்பிட்டு நின்றால் ஊர் சிரிக்கும்.

அவருடைய அரசியலே அதில்தான் நின்றது. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறார், காதுகுத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறார். சாவுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஜவ்வாது மலையின் எந்த மூலையில் யார் செத்தாலும் வெள்ளை வேட்டியோடு வந்து நிற்பார். பாதை இல்லாத காலத்தில் நடந்தே வந்தவர். பிறகு அந்தப் பாதைகளுக்கெல்லாம் தார் போட வைத்தவரும் அவர்தான்.

பள்ளிக்கூட விடுதி, ரேஷன் கடை, ஆழ்துளைக் கிணறு எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. ஆனாலும் ஓட்டு விழுவது அதற்கெல்லாம் இல்லை, அந்த மாலைக்குத்தான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் வயிறெரிந்தார்கள். எம்.எல்.ஏ.வை வீட்டுக்கு வரவழைக்க வேண்டுமானால் நீங்கள் செத்தால்தான் முடியும் என்று மேடை போட்டுக் கிண்டல் செய்தார்கள். ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு இவருக்கே ஓட்டுப் போட்டார்கள்.

மணியம்மாள் தவறிவிட்ட செய்தி காலையில் வந்தது. அவர் சட்டமன்றத்துக்குள் நுழையப் போகிற நேரம். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் மலை ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒன்றியச் செயலாளர் அன்பரசன் போனில் சொன்னார்.

சரி என்றார் துரைக்கண்ணு. போனை ரஞ்சித்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்குப் பேச அவருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கேட்டுக் கேட்டு வாங்கிய நேரம். மலை ஆஸ்பத்திரியில் இரவில் டாக்டர் தங்க வேண்டும் என்று பேசினார். இன்று விடியற்காலைகூட என் தொகுதியில் ஒரு பெண்மணி ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோனார் என்று சொன்னார். அமைச்சர் பரிசீலிப்பதாகச் சொன்னார். மேசையைத் தட்டினார்கள். அதன் பிறகுதான் கிளம்பினார்.

வழி நெடுக அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

நல்லவேளை, எடுத்திருக்கவில்லை. கார் ஊருக்குள் நுழையும்போது மேளச் சத்தம் கேட்டது. முகட்டில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வழக்கமாக யாராவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். சாவு வீடென்றும் பார்க்காமல் ஒருவராவது காதோரம் வந்து பட்டா என்பார், பையனுக்கு வேலை என்பார். இன்று யாரும் கிட்டே வரவில்லை. அது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மணியம்மாளைத் தெரியாதவர்கள் அந்த மலையில் யார்? எந்த நேரத்தில் எவர் வந்தாலும் சாமைச் சோறு போட்ட கை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பெண்கள் அழுதார்கள்.

மாலையைப் போட்டார். கால்மாட்டில் நின்று கும்பிட்டார். நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இந்த இடத்தில் அவருக்கு எப்போதும் கண் கலங்கிவிடும், அது நடிப்பும் இல்லை. இன்று கண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், அப்போதும் வரவில்லை.

பிறகு கால்கள் தாமாகவே நடந்தன. மாலை போட்டதும் தலைமாட்டில் நிற்கிற பிள்ளையிடம் போக வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அங்கே தோளில் துண்டோடும் அழுது வீங்கிய முகத்தோடும் வெற்றிவேல் நின்றிருந்தான்.

துரைக்கண்ணு அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற அதே தணிந்த குரலில் கேட்டார்.

“எப்ப எடுக்கறீங்க?”

மேளக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நின்ற அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டார்.

வெற்றிவேல் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“உங்களுக்குத்தாம்ப்பா காத்துக்கினு இருக்கோம். அம்மாவ எப்ப எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்,” என்றான் மகன்.