கராச்சி மருமகள் என்ன சொல்கிறாள்

கராச்சியில் மருமகள் மெஹ்ரீன் பெட்டியோடு வாசலில் நின்றாள். ஏலப்பாறை தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் மருமகள் ஆனந்தி டிவி பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உருது நாடகத்தின் கடைசிப் பகுதி, டிவியில் யூடியூப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் உருது படித்தவர்கள் யாரும் இல்லை. திரைக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடும். பி.காம். படித்த ஆனந்தி அதைத் தமிழில் சொல்வாள். மாமியார் சுருளியம்மாள் கேட்டுக்கொள்வாள்.

புருஷன் ஜெகன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். அந்த எழுத்தை அவனும் கூட்டிப் படித்துவிடுவான்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டான்.

தமிழ் சீரியல் மாமியார்கள் விஷம் வைப்பதோடு சரி. இந்த நாடகத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து, டீயும் சமோசாவுமாக உட்கார்ந்து, ஒரு கல்யாணத்தைப் பேசிப் பேசியே சாகடித்தார்கள். இதுதான் நிஜம் மாதிரி இருக்கிறது என்று சுருளியம்மாளுக்குப் பிடித்துவிட்டது.

ஆனந்தி அவ்வப்போது கைச்சரக்கும் சேர்ப்பாள். கராச்சி மாமியார் எதற்கோ கத்தியபோது, “ஞாயித்துக்கெழம மட்டும் மருமக தூங்கட்டும், அடுப்ப நானே பத்தவைக்கேன்னு சொல்றாங்க அத்தை” என்றாள். அடுத்த ஞாயிறு சுருளியம்மாளே அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அவ்வளவுதான். எல்லாம் இங்கிலீஷின் மகிமை என்று ஆனந்தி போர்வைக்குள் நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு மொத்தமும் கைச்சரக்காகத்தான் இருக்க வேண்டும்.

சுருளியம்மாள் இந்த மாதத்தோடு ரிட்டயர். லயத்து வீடு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான். வீட்டில் ஒருத்தர் பேர் பதியாவிட்டால் காலி பண்ணச் சொல்வார்கள். ஆகவே நாளைக் காலையிலிருந்து ஆனந்தி கொழுந்தெடுக்கப் போவாள் என்று இரண்டு வீட்டாரும் முடிவு பண்ணிவிட்டார்கள். அதை உறுதி பண்ணத்தான் ஆனந்தியின் அம்மா மாரீஸ்வரி பீருமேட்டிலிருந்து அச்சுமுறுக்கோடு வந்திருந்தாள். ஆனந்தியிடம் யாரும் கேட்கவில்லை. நல்ல விஷயத்தைக் கேட்டுக் கெடுப்பானேன்.

அதே நாளைக் காலையில்தான் வாகமண்ணில் ஒரு ரிசார்ட் ஆபீசில் அவளைச் சேரச் சொல்லியிருந்தார்கள். கணக்கு வேலை, தங்க ஒரு ரூம். ஜெகனுக்கு மட்டும் தெரியும். “பார்ப்போம்” என்று சொல்லியிருந்தான். அதையே மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

திரையில் மெஹ்ரீன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு மாமியாரின் காலடியில் உட்கார்ந்து தேம்பினாள். ‘என்னை மன்னியுங்கள் அம்மா, வேலையை விட்டுவிடுகிறேன், இந்த வீடுதான் என் சொர்க்கம்’ என்று எழுத்து ஓடியது.

“என்ன சொல்றா?” என்றாள் சுருளியம்மாள்.

“நான் படிச்சது இதுக்கில்ல, நாளைக்கே வேலையில சேரப் போறேன், யார் தடுத்தாலும் நிக்க மாட்டேங்கா அத்தை.”

ஜெகன் ஒரு அச்சுமுறுக்கை எடுத்து அதன் ஓட்டைகளை ஆராய்ந்தான்.

“அதுக்கு எதுக்குடி அழுகுறா?” என்றாள் மாரீஸ்வரி.

“சந்தோஷத்துலம்மா.”

“கால்ல விழுகுறாளே?”

“போயிட்டு வாரேன்னு ஆசீர்வாதம் வாங்குறா.”

மாரீஸ்வரி மோவாயில் கை வைத்தாள். “பெரியவங்க ரெண்டு குடும்பமும் கூடிப் பேசுனதுக்கு மரியாத இவ்வளவுதானா? ஜெகனு, நெசமாவே அப்படித்தான் போட்டிருக்கா மாப்ள?”

ஜெகன் திரையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். “கண்ணாடி இல்ல அத்தை” என்றான். அவன் இதுவரை கண்ணாடி போட்டதே இல்லை.

திரையில் கராச்சி மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஆனந்தி அவசரமாக வாயைத் திறந்தாள்.

“நீ செத்த சும்மா இரு” என்றாள் சுருளியம்மாள். “இவ சொல்றத நான் சொல்றேன்.”

ஆனந்தியின் வாய் திறந்தபடியே நின்றது.

“மதினி, இந்த மாமியாக்காரி என்ன சொல்றான்னா, போடி, நாளைக்கே போய்ச் சேரு, இந்த மலையில அட்டைக்கு ரத்தம் குடுக்க ஒரு குடும்பத்துக்கு ஒருத்தி போதும்ங்கா. லயத்தக் காலி பண்ணுன்னு எந்த மேனேஜர் வாரான்னு நான் வாசல்ல கட்டிலப் போட்டுக் காத்திருக்கேன்ங்கா.”

“உங்களுக்கு எப்ப மதினி இந்தப் பாஷ தெரியும்?”

“இத்தன வருசமா நான் கொழுந்தெடுக்குற நிரைக்கு ரெண்டு பக்கமும் ஜார்க்கண்டுக்காரிகதான. அவளுககூட சண்ட போட இந்தி வேணும்லா. இது அதுக்குத் தங்கச்சி. முத நாள்ல இருந்தே வெளங்கும்.”

முதல் நாளிலிருந்தே. ஆனந்தி மாமியார் பக்கம் திரும்பவில்லை. தைரியம் வரவில்லை. சுருளியம்மாளும் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாரீஸ்வரிக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. “கராச்சியிலயுமா லயம் இருக்கு?”

“எங்கதான் இல்ல.”

கராச்சியில் மாமியார் மருமகளைக் கட்டிப்பிடித்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ‘இனி இந்த வாசலை நீ தாண்டவே கூடாது, மகளே’ என்று அடியில் எழுத்து பளிச்சென்று நின்றது.

“அப்படியாடி சொல்றா?” என்று மகளைக் கேட்டாள் மாரீஸ்வரி.

ஆனந்தி ஒரு எழுத்து விடாமல் அதைப் படித்து முடித்தாள்.

“ஆமாம்மா” என்றாள். “அத்தை ஒரு வார்த்த மாத்தல.”