யார் பேரு மொதல்ல?

"என்ன சுப்ராயா, ஒம் பொண்ணு செஞ்ச போர்டுக்குப் புத்தி கலங்கிடுச்சா?"

மேலத்தெரு தெட்சிணாமூர்த்தி இப்படிக் கேட்டதும் கோயில் பந்தலே சிரித்தது. சுப்ராயனுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

கரண்ட் போய் இப்போதுதான் வந்திருந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் மாட்டிய போர்டில் உபயதாரர் பெயர்கள் மறுபடியும் சிவப்புச் சிவப்பாக ஓட ஆரம்பித்தன. சாயங்காலம் தெட்சிணாமூர்த்தி பெயரோடு கிளம்பிய போர்டு, அடுத்த கரண்ட் கட்டுக்கு அப்புறம் கீழத்தெரு இளையபெருமாளைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. இப்போது என்னடாவென்றால், பூக்கடை காசியம்மா!

நெரவிப் பக்கம் கரண்ட் போவதையும் வருவதையும் கேட்கவா வேண்டும்? வரும்போதெல்லாம் ஒரு புது ஆள் முதலில் வந்து நின்றார்.

சும்மா சொல்லக் கூடாது, போர்டு என்னவோ அதிசயம்தான். எண்பத்தேழாம் வருஷம் அது. தமிழ் எழுத்து பல்பில் ஊர்ந்து போவதை அந்த ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? காரைக்கால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் அஞ்சுகம், கடுகு கடுகாகச் சிவப்பு பல்புகளை வரிசை கட்டி, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியாகப் பிரித்து, புரோகிராம் எழுதி, அதை ஒரு சிப்பில் ஏற்றி ஓட விட்டிருந்தாள்.

அவளைப் பெற்ற சுப்ராயன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் பியூன். ஒரு வாரமாக மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், ஆபீஸில், கண்ணில் பட்டவரையெல்லாம் நிறுத்தி வைத்து, "எம் பொண்ணு செஞ்சதுங்க! மெட்ராஸ்காரனே வந்து பாக்கணும்!" என்று பீற்றிக்கொண்டிருந்தார்.

அது மட்டுமா? மகளுக்கு லீவு விட்டபோதே பொறுப்பு ஒன்றையும் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் திருவிழா நோட்டீஸில் தெட்சிணாமூர்த்தி பெயர் முதலில் வந்ததென்று கீழத்தெரு முறைத்துக்கொண்டது. மாற்றி அடிக்கலாம் என்றால் மேலத்தெரு வேட்டியை மடித்துக் கட்டியது. கைகலப்பாகி, அம்மன் புறப்பாடே நின்று போயிற்று. இந்த வருஷமும் அம்மன் வீதிக்கு வராவிட்டால் ஊர் தாங்காது. "நோட்டீசுல பேரே வேணாங்க. எம் பொண்ணு போர்டு செய்யும், எல்லார் பேரும் அதுல ஓடட்டும்" என்று ரெண்டு தெருவுக்கும் நடுவில் போய் வாக்குக் கொடுத்தவர் நம்ம சுப்ராயன்தான்.

அந்தப் போர்டுதான் இப்போது இப்படி மானத்தை வாங்குகிறது.

சுப்ராயன் மகளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒழுங்கா ஒரு எடத்துலேருந்து ஆரம்பிச்சு ஓடாதா இது?"

"ஓட மாட்டேங்குதுப்பா."

"சரி பண்ணேன்."

"எனக்குத் தெரியலப்பா."

"தெரியலயா? கிளாஸ்ல மொத மார்க் வாங்குறவ நீ!"



அந்தப் பக்கம் தெட்சிணாமூர்த்தியும் இளையபெருமாளும் போர்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மொதல்லன்னு நெஞ்ச நிமித்துனேன், அடுத்த கரண்டுல நீ வந்துட்ட!"

"எனக்கு மட்டும் என்ன? என்னைய தள்ளிட்டுக் காசியம்மா வந்துட்டா! பைத்தியக்கார மெஷின்கிட்ட போயி மல்லுக்கட்ட முடியுமாய்யா?"

போன வருஷம் சட்டையைப் பிடித்துக்கொண்ட ரெண்டு பேர் இன்றைக்கு ஒன்றாக நின்று சிரிக்கிறார்கள், அதுவும் தன் பெண்ணைப் பார்த்து! சுப்ராயனுக்குப் பொறுக்கவில்லை.

நல்ல வேளையாக, அஞ்சுகத்தின் பாலிடெக்னிக் வாத்தியார், சவியே என்ற பிரெஞ்சுப் பேர் கொண்டவர், திருவிழா பார்க்க வந்து சேர்ந்தார். சுப்ராயன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்களாச்சும் அதைச் சரி பண்ணிக் குடுங்க சார். தலை காட்ட முடியல."

வாத்தியார் போர்டைப் பார்த்தார். சுப்ராயனைப் பந்தலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"சரி பண்றதுக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. மொதப் பேருலேருந்து ஆரம்பிக்கிறதுதான் இருக்கறதுலயே சுலபம். சும்மா விட்டா அது அப்படித்தான் ஓடும். கரண்ட் வர்றப்பல்லாம் வேற வேற ஆளுகிட்டேருந்து ஆரம்பிக்கணும்னுதான் உங்க பொண்ணு லீவு பூரா லேப்லயே கெடந்து புரோகிராம் எழுதுனா."



"அப்புறம் ஏன் சார் எங்கிட்டயே தெரியலன்னு சொன்னா?"

"தெரியும்னு வெளிய வந்தா என்ன ஆவும்? எம் பேரை மொதல்ல போடுன்னு ரெண்டு தெருவும் உங்க வாசல்ல வந்து நிக்காதா? கோளாறுன்னு நெனச்சாத்தான் சிரிச்சிட்டுப் போவாங்க."

சுப்ராயன் திரும்பிப் பார்த்தார். ரேடியோ செட்காரன்கூடக் கேலி பேசிக்கொண்டிருக்க, அஞ்சுகம் வாய் திறக்காமல் நின்றிருந்தாள்.  இந்தப் பெண்ணையா கோபித்துக்கொண்டோம் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கொட்டு முழங்கியது. அம்மன் கிளம்பினாள். ரெண்டு தெருக்காரர்களும் அம்மனைத் தூக்கும் ஒரே தண்டயத்துக்குத் தோள் கொடுத்தார்கள்.

தூக்கிக்கொண்டே தெட்சிணாமூர்த்தி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"ஏய் சுப்ராயா! வாரம் பூரா வாய் கிழியப் பீத்திக்கிட்டியே, அந்தப் போர்டை ஒழுங்கா ஓட வைக்க ஒம் பொண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?"

சுப்ராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். நெஞ்சை நிமிர்த்தினார். அந்த வாரம் முழுக்கப் பேசியதிலேயே பெருமையான குரலில் சொன்னார்:

"தெரியாதுங்க! எம் பொண்ணுக்கு அது சுத்தமாத் தெரியாது!"