வடிந்த தண்ணீர்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. வடிகால் இன்ஜினீயர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

எதிர்வீட்டுக்காரர் குடையோடு வாசலில் வந்து நின்றார். "சார், போன மழைக்கு எங்க வீட்டுல கட்டில் மிதந்துச்சு. இப்ப பாருங்க, உங்க புது வடிகால் மடமடன்னு குடிக்குது! உங்களுக்குச் சிலையே வைக்கலாம்."

அவர் போனதும் மனைவி கேட்டாள்: "தெருவே கொண்டாடுது. நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"வடிகாலை ஆத்துல போய்ச் சேர்ற முனையிலதான் ஆரம்பிக்கணும். அங்கேர்ந்து மேல நோக்கிக் கட்டிக்கிட்டு வரணும். இந்தத் தெருக்காரங்க மறியல் பண்ணினாங்கன்னு மேல்பாதியை முதல்ல கட்டிட்டோம். கீழ்ப்பாதிக்கு நிதி வரல."

"அப்போ இங்கேர்ந்து ஓடுற தண்ணி?"

"முன்னெல்லாம் இங்கயே தேங்கி, மெதுவா இறங்கும். இப்ப மொத்தமும் ஒரே மூச்சுல ஆத்தங்கரைக் குடியிருப்புல போய் முட்டும்."

"ஐயோ, அங்கதானே நம்ம..."

கைபேசி அலறியது. போன மாதம் அங்கே குடிபோன மகள்.

"அப்பா, இங்க ஒரு சொட்டு மழைகூட இல்ல. வீட்டுக்குள்ள எப்படிப்பா இவ்வளவு தண்ணி வருது?"